கார்டுக்கு ஆகாத முகம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியை ஒட்டி அப்பாவுக்குச் சேலைக்கடை. கடைக்கு மேலே வீடு. ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்குப் பால்கோவாவும் காராச்சேவும் வைத்திருந்தோம். நான் காபித் தட்டோடு வந்து நிற்கிறேன். மாப்பிள்ளை எழுந்துபோய் மேற்குச் சன்னலில் ஒரு கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கினார். நான் உள்ளே திரும்பியதும் சித்தி பின்னாலேயே அடுப்படிக்குள் ஓடிவந்து, "ஏட்டி, இவருக்குப் பொண்ணு பார்க்கவே தெரியலட்டி. சன்னலையில்லா பார்க்கார்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மெட்ராஸில் சினிமாக் கேமராமேன் என்று சொல்லித்தான் வந்திருந்தார்கள். சினிமாக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "வெளிச்சத்தைச் சரிபண்ணிட்டுச் சரக்கைப் பார்க்குதவன் ஏமாறவும் மாட்டான், ஏமாத்தவும் மாட்டான்" என்றார். கடைக்குள் ஒரு நிறமாகவும் வாசலில் ஒரு நிறமாகவும் சேலை தெரியும் என்று அறிந்த மனிதர் வேறு எப்படிப் பேசுவார்?

கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பாஷை பேசுகிறவர்கள் என்று. நான் கடையில் வளர்ந்தவள். எனக்கு நிறம் என்றால் ஒரு பெயர். வெங்காயத்தோல், மாந்துளிர், கிளிப்பச்சை, மயில்கழுத்து, அரக்கு. அவருக்கு நிறம் என்றால் ஒரு எண். வெயிலுக்கு ஒரு எண், நிழலுக்கு ஒரு எண், குண்டு பல்புக்கு ஒரு எண். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்து "எம்புட்டு அழகா இருக்கு" என்று நான் சொன்னால், பக்கத்தில் நிற்கிற புது மாப்பிள்ளை ஒரு எண்ணைச் சொல்வார். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும்? நான் எண்களைக் கேட்டுக்கொள்ளப் பழகினேன். அவரும் போகப்போக, "அந்த வெங்காயத்தோல் சேலையைக் கட்டிட்டு வா" என்று சொல்லும் அளவுக்குத் தேறினார்.

அப்போதெல்லாம் முழுப் படத்தையும் கலரில் எடுக்க முதலாளிமாருக்குத் துணிச்சல் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே ஒரு பாட்டை மட்டும் கலரில் எடுத்துவிட்டு, சுவரொட்டியில் 'பகுதி வண்ணம்' என்று போடுவார்கள். 'பகுதி' எறும்பு அளவில் இருக்கும், 'வண்ணம்' யானை அளவில் இருக்கும். அந்த ஒரு பாட்டுக்கும் பம்பாயிலிருந்து ஆள் வரும். நம்மவர்களுக்குக் கலர் வராது என்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சை உடைக்கவேண்டும் என்று இவருக்கு ஒரு வெறி. மற்றவர்கள் எடுத்து மிச்சம் விட்ட துண்டு பிலிம்களைக் கெஞ்சி வாங்கி, கத்தரிக்காயையும் தக்காளியையும் வைத்துப் படமெடுத்துப் பழகியவர் அவர். கடைசியில் ஒரு முதலாளி மசிந்தார். கலர் பிலிமுக்குக் கொட்டுகிற வெயில் வேண்டும், அதற்கு எங்கள் ஊரைவிட்டால் ஆள் கிடையாது என்று பேசிப் பேசி, கம்பெனியையே ராஜபாளையத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். எனக்குக் கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் புதுக்கருக்கு மாறாத நேரம்.

அய்யனார் கோவில் அருவியில் ஷூட்டிங். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. ஊர் ஆண்கள் வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாகப் பாறைமேல் நிற்க, நடுவில் கதாநாயகி. அவர் கட்டியிருந்தது எங்கள் அப்பா கடைக் கிளிப்பச்சை. நானும் நாத்தனாரும் சாப்பாட்டுக் கேரியர்களோடு வில்வண்டியில் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை. விடியுமுன்னே எழுந்து தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கனகாம்பரம் வைத்து, நானே கதாநாயகி மாதிரிதான் போனேன்.

கலர் படத்தில் ஒவ்வொரு இடத்திலும் கேமரா ஓடத் தொடங்கும்போது ஒருவர் ஓர் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். 'கார்டு' என்பார்கள். கட்டம் கட்டமாக நிறங்களும் சாம்பலும் இருக்கும். அது படத்தில் வராது. பம்பாயில் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடுகிற இடத்தில், அன்றைக்கு நிறமெல்லாம் எப்படி இருந்தது என்று அவர்கள் தெரிந்துகொள்வதற்காக. அந்தக் கார்டைப் பிடிக்கவேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சல். கதாநாயகியைக் கேட்டார்கள். "நான் என்ன சிலேட்டுத் தூக்குற பிள்ளையா?" என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் நாலு பக்கமும் பார்த்தார். பார்வை கேரியர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இந்தா, செத்த இங்க வா."

நான் கேரியரைப் பிடித்தபடியே நின்றேன். நாத்தனார் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். "போ ஏட்டி, புருசன்தான கூப்பிடுதான். புலியா கூப்பிடுது?"

கார்டைக் கையில் கொடுத்தார். அத்தனை பேர் முன்னால் என் நாடியை ஒரு விரலால் தொட்டு, வெயில் பக்கமாகத் திருப்பினார். "சிரிக்காத. மூச்சு விடு" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேமராவில் கண்ணை வைத்தார். கேமரா உறுமியது. பெண் பார்த்த அன்று பார்க்காத பார்வையை எல்லாம் அவர் அன்றைக்குச் சேர்த்துப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. இத்தனை வயதுக்குப் பிறகு சொல்வதற்கென்ன, அந்த அருவிக்கரையில்தான் எனக்கு அவர்மேல் ஆசை வந்தது.

படம் வந்தது. ராஜபாளையத்துத் தியேட்டரில் இரண்டு குடும்பமும் மொத்தமாகப் போய் உட்கார்ந்தோம். பாதிப் படம் வரைக்கும் கறுப்பு வெள்ளை. பிறகு கலர் பாட்டு வந்தது. விசிலடிக்கத் தயாராக இருந்த கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. திரை முழுக்க நீலம். அருவி நீலம், பாறை நீலம், வேட்டி நீலம். கதாநாயகி விஷம் தீண்டினவள் மாதிரி நிற்கிறாள். அப்பா கடைக் கிளிப்பச்சை மயில்கழுத்தாகிப் போயிருந்தது. முன் வரிசையிலிருந்து ஒருத்தன் எழுந்து, "ஏலே, வண்ணான் நீலத்தைக் கூடக் கொட்டிட்டான்டோய்!" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை, எழுந்து போகவுமில்லை. பாட்டு முடிகிறவரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பம்பாய்க்கு ரயிலேறினார். பிரிண்ட் போட்ட இடத்தில் என்ன பேசினார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து முதலாளியிடம், "என் தப்புதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிரிண்டுகள் ஊர் ஊராகப் போய்விட்டன. படமும் சுருண்டுவிட்டது. நம் ஆளுக்குக் கலர் வராது என்று சொன்னவர்களுக்கு ஒரு சாட்சியாக எங்கள் வீட்டு மனிதர் ஆகிப்போனார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் கையில் கறுப்பு வெள்ளைதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'நீலக்கார மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். (நல்லவேளை, 'நீலப் படம்' என்றால் வேறு அர்த்தம் என்பது அப்போது ஊருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு சிரித்தவர்களை நான் சும்மா விடவில்லை.) பெயர் வைத்தது போதாதென்று, கல்யாண வீட்டிலும் சாவு விழுந்த துஷ்டி வீட்டிலும் என் காதுபடவே இன்னொன்றும் பேசினார்கள். "பொண்ணு காலெடுத்து வச்ச நேரம் அப்படி. மாப்பிள்ளையும் என்ன செய்வாரு?" நான் அழவில்லை. வெளியே அழவில்லை.

பிறகு இன்னொரு முதலாளி நம்பிக் கொடுத்தார். இந்த முறை முழுப் படமும் கலர். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். பரிமாறிக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டேன்.

"கார்டு பிடிக்க நான் வரட்டுமா?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேண்டாம். உன் மூஞ்சி கார்டுக்கு ஆகாது."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, உப்புக் குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் ஒரு கேமராக்காரர் தன் பெண்டாட்டியைப் பார்த்து உன் மூஞ்சி ஆகாது என்று சொன்னால் அதற்கு மேல் அப்பீல் எங்கே போடுவது? பிள்ளைகள் பிறந்தார்கள், வீடு கட்டினோம், சண்டை போட்டோம், சமாதானம் ஆனோம். அந்த ஒரு வாக்கியம் மட்டும் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி கூடவே வந்தது. கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் என் முகத்தில் என்னதான் குறை என்று தேடுவேன். மூக்கு கொஞ்சம் தடிப்பு. அதுவாக இருக்குமோ?

அவருடைய தொழில் அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். இந்தப் பக்கத்திலிருந்து கலருக்கு என்று முதலில் பெயர் வாங்கிய ஒரு சிலரில் அவரும் ஒருவர் என்று மேடைகளில் சொல்வார்கள். நான் மேடைப் பேச்சை நம்புகிறவள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கலர் வந்த புதிதில் நடிகர் நடிகைகளுக்கெல்லாம் ரோஸ் பவுடரை அப்பி, எல்லாரையும் பொம்மை மாதிரி நிறுத்துவார்கள். இவர் மேக்கப்காரரோடு சண்டை போட்டு அதைக் கழுவ வைத்தார். "வெயில்ல காய்ஞ்ச மூஞ்சி வெயில்ல காய்ஞ்ச மாதிரியே இருக்கட்டுமே" என்பார். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்காமல் பரவுவதற்கு, ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைத்தான் விளக்குகளின் முன்னால் கட்டுவார். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பெட்டி நிறையப் பேண்டேஜ் துணி போகும். ரயிலில் டாக்டர் என்று நினைத்துத் தலைவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் உண்டு.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. கார்டு பிடிக்க எந்தப் பெண்ணையும் நிறுத்தமாட்டார். லைட் தூக்குகிற ஆண்களில் ஒருவரைத்தான் கூப்பிடுவார். "மூஞ்சியை நல்லாக் கழுவிட்டு வாப்பா" என்று சொல்லித்தான் நிறுத்துவார். ஒரு முறை ஷூட்டிங் பார்க்கப் போனபோது இதைப் பார்த்துவிட்டு எனக்கு எரிச்சல் வந்தது. மீசைக்காரன் முகம் ஆகும், என் முகம் ஆகாதாக்கும் என்று அன்றைக்கு ராத்திரி ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டேன். அவர் இருமிக்கொண்டே குடித்தார்.

வேலையை விட்ட பிறகு ராஜபாளையத்துக்கே வந்துவிட்டோம். இப்போது அவருக்குக் கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பது ஒரு கறுப்புத் திட்டுதான். ஓரத்தில் கொஞ்சம் தெரியும். அதனால் ஆளைப் பார்க்கவேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பிக் கோழி பார்ப்பதுபோல் சாய்த்துப் பார்ப்பார். வாழ்நாளெல்லாம் கண்ணால் பிழைத்த மனிதருக்கு இப்படி வந்ததே என்று எனக்குத்தான் ஆறவில்லை. அவர், "ஓரத்துல பார்க்கதும் ஒரு ஷாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புதுப்பிக்கிற வேலை அவளுக்கு. அந்த நீலப் பாட்டின் மூல பிலிம் பம்பாயில் பழைய பிலிம் பெட்டிகள் அடைந்துகிடந்த ஒரு கிட்டங்கியில் கிடைத்திருக்கிறதாம். எடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு நிறத்தைச் சரிசெய்ய வேண்டும் என்றாள். நான் அவரிடம் சொன்னேன். "வரச் சொல்லு" என்றார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கழுவப்படாத ஒரு கறை அது என்று எனக்குத் தெரியும். நம் ஆளுக்குக் கலர் வராது, பம்பாயிலிருந்துதான் ஆள் வரவேண்டும் என்று சொன்ன வாய்களை அடைப்பதற்கு அவருக்கு இன்னொரு வாய்ப்பு.

அந்தப் பெண் பெரிய திரையையும் பெட்டிகளையும் காரில் கொண்டுவந்து இறக்கினாள். என் பேத்தி வயது இருக்கும். சுறுசுறுப்பான பிள்ளை. முன்னறைச் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டினோம். அவர் நாற்காலியை ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாது. நீ பாரு. பார்த்து எனக்குச் சொல்லு" என்றார் என்னிடம்.

"என்ன எண்ணுனு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றேன்.

"எண்ணு வேண்டாம். உங்க அப்பா கடையில சொல்லுத மாதிரி சொல்லு."

திரையில் முதலில் வந்தது பாட்டு இல்லை. அருவிக்கரையில் கார்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். கனகாம்பரம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. சிரிக்காமல் இருக்கப் படாதபாடு படுகிறாள். அந்தத் துண்டை நான் பார்த்ததே கிடையாது. யாருமே பார்ப்பதற்காக எடுத்தது இல்லையே அது. என்னை நானே அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்ததும் முதலில் மூக்கைத்தான் பார்த்தேன். ஒன்றும் தடிப்பாக இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். "இது நான்தான்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

அந்தப் பெண் எதையோ திருகினாள். "சார், எனக்கு ஒண்ணு புரியல. அம்மா முகத்தை நார்மல் பண்ணினா அருவி, வேட்டி எல்லாம் நீலமாப் போயிடுது. பழைய பிரிண்ட்ல அப்படித்தான் பண்ணியிருக்காங்க. கார்டை வச்சுப் பண்ணினா அருவி வெள்ளையா வருது, ஆனா அம்மா முகம் ரொம்ப மஞ்சளாப் போகுது. ரெண்டும் ஒரே வெயில்ல இருக்கு. எதை நம்புறது?"

அவள் மாற்றி மாற்றிக் காட்டினாள். நீல அருவி, மாநிறத்தில் என் முகம். வெள்ளை அருவி, மஞ்சளாக என் முகம். மறுபடி நீலம். மறுபடி வெள்ளை.

நான் எழுந்து திரைக்குக் கிட்டே போனேன்.

"அது மஞ்சளாப் போகுதது இல்லம்மா. அது மஞ்சள்" என்றேன். "பூசு மஞ்சள். அன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஷூட்டிங் பார்க்கப் போறோம்னு கூடக் கொஞ்சம் உரைச்சுப் பூசியிருந்தேன்."

அந்தப் பெண் என் முகத்தையும் திரையையும் பார்த்தாள். "அப்போ பம்பாய்ல..."

"காமாலைக்காரி மூஞ்சி மாதிரி இருக்குன்னு மஞ்சளை எடுத்துட்டாங்க. மஞ்சளை எடுத்தா மத்ததெல்லாம் நீலமாப் போகும்" என்றார் அவர். அமைதியாகச் சொன்னார். "கார்டைப் பார்க்கல, மூஞ்சியைப் பார்த்தாங்க. என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க, நோயாளியைக் கொண்டுவந்தா நிறுத்துறதுன்னு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. நான்ல கவனிச்சிருக்கணும். எனக்கு அது மஞ்சளாவே படலம்மா. எங்க அம்மா, எங்க அக்கா, தெருவுல போற அம்புட்டுப் பொம்பளையளுக்கும் அதான மூஞ்சி நெறம்?"

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம். நீலக்காரர் என்று ஊர் சிரித்தபோது, முதலாளிமார் கதவைச் சாத்தியபோது, பொண்ணு வந்த நேரம் என்று சொந்தக்காரர்கள் பேசியபோது, "என் பெண்டாட்டி முகத்து மஞ்சள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். நான் மாட்டியிருப்பேன். கால் வைத்த நேரம் என்று பேசியவர்கள் கையில் சரியான சாட்சியே கிடைத்திருக்கும்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் எங்கிட்டக்கூடச் சொல்லல?" என்றேன். "ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? உன் மூஞ்சி கார்டுக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சுதே?"

அவர் கழுத்தைத் திருப்பி, ஓரக்கண்ணில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னா நீ மஞ்சள் பூசுததை விட்டிருப்ப."

காபி போடப்போகிறேன் என்று அடுப்படிக்குள் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே நின்று அழுதேன். நன்றாக, சத்தம் வராமல், மனசார அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு காபியோடு வந்தபோது அந்தப் பெண் கார்டை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்து முடித்திருந்தாள். அவர் தம்ளரை வாங்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கு? சொல்லு."

"அருவி வெள்ளையா இருக்கு" என்றேன். "பாறை பாறை மாதிரி இருக்கு. வேட்டியெல்லாம் வெளுத்த வேட்டி. சேலை நம்ம கடைக் கிளிப்பச்சைதான். கரை அரக்கு."

"நீ?"

"மஞ்சளா இருக்கேன்."

அவர் ஒரு வாய் காபி குடித்தார்.

"அப்போ கலர் சரியா இருக்கு" என்றார்.